ஒன்பது கரண்டிச் சம்பந்தம்

கீழப்பாவூர்,
ஆனி 22.

மரியாதைக்குரிய சங்கிலி மச்சான் அவர்கள் சமூகத்திற்கு, உங்கள் தங்கை தங்கத்தாயின் புருஷன், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சுடலையாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கத்தாய், மகள் செண்பகவல்லி மூவரும் சௌக்கியம். அதில் நான் மட்டும் தை மாதத்தைவிட முப்பத்தாறு கிலோ குறைவாகச் சௌக்கியம். பூனாவில் நீங்களும் சண்முகசுந்தரி மதினியும் சுகமாக இருக்க நம் ஊர் நரசிம்மரை வேண்டிக்கொள்கிறேன். முதல் காரியமாக, இந்த வரியைப் படித்ததும் கொள்ளுக் கஞ்சி குடிப்பதை நிறுத்திவிடவும். காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் பட்டாளத்துக் குரலில் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

மச்சான், நான் இளைத்தது கொள்ளால் இல்லை, நடையாலும் இல்லை. தை மாதக் கடைசியில் பத்து நாள் பழனிக்குப் போயிருந்தேன் என்று உங்களிடம் சொன்னேனே, அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். என் இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு நாட்டு வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். உட்காருங்கள், எழுந்து நடக்காதீர்கள், மதினியைக் கூப்பிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஏன் இந்த வேலைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். போன வருஷம் சீசனில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போனோம். நான் உள்ளே போய் நின்றதும் எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேருக்குத் தண்ணீர் விழவில்லை. அங்கே டியூட்டி பார்த்த சின்னப் போலீஸ்காரன் விசில் ஊதி, "பெரியவரே, ஒரு ஓரமா நின்னு குளிங்க, நாலு பேரு எடத்த அடைக்கீய" என்றான். முப்பத்தாறு வருஷம் விசில் ஊதியவன் நான், அன்றைக்கு என்மேலேயே ஊதிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அங்கிருந்து கார் நிற்கிற இடத்துக்குப் போவதற்குள் மூச்சு முட்டி ஏழு தடவை நின்றேன். செண்பகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என் கல்யாணத்துல நீங்க மணவறை வரைக்கும் நடந்து வருவீயளா" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை மச்சான், அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ரவுடிக்குப் பயந்ததில்லை, மேலதிகாரிக்குப் பயந்ததில்லை, மகள் கல்யாணத்தில் நான் போட்டோவில் மட்டும் இருப்பேனோ என்று அன்றைக்குப் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஷிஃபா என்று ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு, ஆனால் எஸ்.பி. மாதிரி பேச்சு. ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிற்றில் வரச்சொல்லி, அளந்து வைத்த ஒரு பால் பானத்தைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை என் ரத்தத்தை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே பானம், அதே அரை மணி, அதே ஊசி. ஊசி என்றால் எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ரத்தம் எடுத்த லேப் பையன் மாஸ்க் போட்டிருந்தான், முகம் தெரியாது, குரல் மட்டும்தான்: "சார், கண்ண மூடிக்கிடுங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." இந்தக் குரலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான், இது பின்னால் வருகிறது.

அந்த ரத்தத்தில் என்ன பார்த்தார்கள் என்று டாக்டரம்மா எனக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்கள். இரைப்பையின் மேல்பாகத்தில் க்ரெலின் என்று ஒரு ஹார்மோன் ஊறுகிறது. பசி பசி என்று மூளைக்கு மனு எழுதிப் போடுகிறவன் அவன்தான். சாதாரண ஆளுக்குச் சாப்பிட்டதும் அவன் பேனாவை மூடிவைத்துவிடுவான். என்னைப் போல ரொம்பக் கனத்த உடம்பில் சாப்பிட்ட பிறகும் அவன் சரியாக அடங்குவதில்லையாம். இன்னொரு பக்கம், குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து போதும் போதும் என்று சொல்ல வேறு சில ஹார்மோன்கள் கிளம்ப வேண்டும், ஜி.எல்.பி. ஒன்று என்று அதில் ஒருத்தனுக்குப் பேர். என் உடம்பில் அவர்கள் முனகினார்களே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆபரேஷனில் க்ரெலின் குடியிருந்த மேல்பாகத்தையே எடுத்துவிட்டதால் அவன் படுத்துவிட்டான். சாப்பாடும் சீக்கிரமாகக் கீழே இறங்குவதால் போதும் என்கிறவர்கள் இப்போது முதல் கரண்டிக்கே எழுந்து நின்றுவிடுகிறார்கள். முன்னால் எடுத்த கோடு வயல் வரப்பு மாதிரி படுத்துக் கிடக்கிறது, பின்னால் எடுத்த கோடு நம் பொதிகை மலை மாதிரி ஏறி நிற்கிறது. எடை குறைவதற்கு முன்னாலேயே, ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்தில், என் சர்க்கரை முந்நூறிலிருந்து நூற்றுப் பத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு எல்லாம் காட்டுகிறேன்.

நான் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். "அப்ப நாப்பது வருசமா ஊரே என்னப் பெருந்தீனிக்காரன்னு சொல்லிச்சே, அது என் தப்பு இல்லையா டாக்டர்?" அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "புரோட்டா ஒங்க தப்பு. பசி முழுக்க ஒங்க தப்பு இல்ல" என்றார்கள். மச்சான், நான் அழுதுவிட்டேன். யூனிபாரம் போடாமல் இருந்ததால் பரவாயில்லை.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஊரில் சொல்லியிருக்கலாம். என் கெட்ட நேரம், செண்பகாவுக்கு வரன் பார்க்கிற சமயம், அப்பன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்றால் சீக்காளி வீடு என்பார்கள் என்று பயந்து, கொள்ளுக் கஞ்சியும் நடையும்தான் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அது என்னைவிட வேகமாக நடந்தது. எங்கள் தெருவில் இப்போது பதினொரு வீட்டில் கொள்ளு வேகிறது. துல்கர்னைன் பாய் கடையில் மூட்டை மூட்டையாக இறக்கியும் பத்தவில்லை. காலையில் நாலு பேர் வாசலில் வந்து நின்று, வறுத்துக் குடிக்கணுமா வறுக்காமல் குடிக்கணுமா என்று சந்தேகம் கேட்கிறார்கள், நானும் வெட்கமில்லாமல் வறுத்துத்தான் என்று சொல்லுகிறேன். "ஒங்க ஒத்தப் பொய்யில தெருவே குதிர மாதிரி கொள்ளு திங்குது, இது எங்க போய் முடியுமோ" என்று உங்கள் தங்கை தினமும் தலையில் அடித்துக்கொள்கிறாள். அது வடகரையில் போய் முடிந்தது.

வடகரை குற்றாலலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வயலும் தென்னந்தோப்புமாக நல்ல குடும்பம், ஆளும் நல்ல கனம், நூற்று முப்பது கிலோவாவது இருப்பார். அவர் மகன் வேல்மாரி. செண்பகா இதுவரை ஆறு வரனைத் தட்டிக்கழித்தவள், இந்தப் பையன் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள், "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று தானாக வந்து சொன்னாள். எனக்குத்தான் ஒரு சந்தேகம், பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் வாயே திறக்கவில்லை, என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான், பையன் ஊமையோ என்று தங்கத்தாயிடம் கேட்டேன். பயோடேட்டாவில் லேப் டெக்னீசியன், திருநெல்வேலி என்று இருந்தது. திருநெல்வேலியில் லேப்புக்கா பஞ்சம், நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கை நனைக்கப் போனோம். நீங்கள் முப்பது வருஷம் வடக்கே இருந்துவிட்டீர்கள், மறந்திருந்தால் சொல்லுகிறேன். சம்பந்தம் முடிவாகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் காபி கூடக் குடிப்பதில்லை. சம்மதம் என்றால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்பது. உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தால், வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. இதில் இன்னொரு வினை இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் புளியறை செக்போஸ்டில் இருந்தபோது, அங்கே ஒரு கடையில் ஒரே உட்காரலில் பதினெட்டு புரோட்டாவும் ஒரு முழுக் கோழியும் சாப்பிட்டதைத் தேங்காய் லாரியோடு வந்த குற்றாலலிங்கம் கண்ணால் பார்த்திருக்கிறார். அதை அவர் சம்சாரம் முத்துவடிவிடம் சொல்லி, "அண்ணாச்சி ஒருத்தருக்கே மூணு ஆள் சாப்பாடு வேணும்" என்று சமைக்கச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா காலை நாலு மணிக்கே அடுப்பில் நின்றிருக்கிறது. சொதி, அவியல், எரிசேரி, உளுந்தவடை, மலையாளத்துப் பக்குவத்தில் அடைப்பிரதமன் பாயசம், இலை தெரியவில்லை மச்சான்.

ஒரு வாயை இருபது தடவை மெல்ல வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. நான் மெல்லுகிறேன், மெல்லுகிறேன், பக்கத்து இலைக்காரர்கள் ரசத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவது கவளத்தில் போதும் என்கிறவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கையைத் தூக்கி வைத்துவிட்டேன். முத்துவடிவு கரண்டியோடு வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, எதுவும் வாய்க்கு வெளங்கலையா?"

"தேனா இருக்கு தாயி."

"தேனா இருந்தா எல இப்படியா கெடக்கும்?"

குற்றாலலிங்கம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் இலையைப் பார்த்தார். அவருடைய பெரியப்பா ஒருத்தர், எண்பது வயது, இடி மாதிரி குரல், "பிடிக்கலைன்னா போன்லயே சொல்லியிருக்கலாம், வந்து உக்காந்து அவமானப்படுத்தணுமாக்கும்" என்றார். தங்கத்தாய் முகம் செத்துப்போய்விட்டது. எனக்குச் செண்பகா ஞாபகம் வந்தது, வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று, பக்கத்தில் இருந்த பிரதமன் தம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். எல்லார் முகமும் மலர்ந்தது. இன்னொரு தம்ளர் ஊற்றினார்கள், அதையும் குடித்தேன்.

இனிப்பை மடக்கென்று குடிக்கவே கூடாது என்று டாக்டர் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள். குடித்தால் அது அப்படியே குடலில் போய்க் கொட்டி உடம்பைப் புரட்டிவிடுமாம். கால் மணி நேரத்தில் புரட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, வேர்வை ஊற்றியது, கை கால் கிடுகிடுவென்று ஆடியது, கண் சொருகியது. பெரியப்பா துள்ளி எழுந்தார். "ஏலே, சாமி வந்துட்டுலே. பேரே சுடலையாண்டில்லா. திருநீறு கொண்டாங்க." யாரோ என் நெற்றியில் ஒரு கை திருநீற்றை அப்பினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், பெரியப்பா என் முன்னால் கைகட்டி நின்று கேட்கிறார்: "ஐயா, இந்தச் சம்பந்தம் நடக்கலாமா, கூடாதா? வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்லும்."

மச்சான், ஒரு வார்த்தைதான். நடக்கட்டும் என்று சொன்னால் முடிந்தது, சாமியே சொன்ன பிறகு எவன் இலையைப் பார்ப்பான். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். எதிரே தங்கத்தாய் நின்றாள். கொள்ளுப் பொய்யோடு இதையும் சேர்த்தால் இந்த ஆளோடு இனிக் குடித்தனம் இல்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. எத்தனையோ பேரை உட்கார வைத்து உண்மையை வாங்கியிருக்கிறேன், அப்படி உட்கார்ந்திருக்கிறவன் நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். கொஞ்சம் சாஞ்சு படுங்க மாமா. கண்ண மூடிக்கிடுங்க, அரை மணி நேரத்துல சரியாயிரும்." கண்ணை மூடிக்கொண்டு கேட்டதால்தான் குரல் பிடிபட்டது, ஆஸ்பத்திரி லேப் பையனின் குரல். கண்ணைத் திறந்தேன், எதிரே வேல்மாரி.

"ஏலே, எறும்பு கடி, நீயாலே?"

"ஆமா மாமா."

"என்னத் தெரியுமா ஒனக்கு?"

"ஆஸ்பத்திரி பைல்ல பேரு இருந்துச்சு. பொண்ணு பாக்க வந்தன்னைக்குத்தான் பொண்ணோட அப்பா நீங்கன்னு தெரிஞ்சுச்சு. பேசுனா கண்டுபிடிச்சிருவீயன்னு பேசாம இருந்தேன்."

"ஒங்க அப்பாகிட்ட சொல்லியிருந்தா இந்த எலப் பிரச்சினையே வந்திருக்காதேலே."

"நோயாளி விஷயத்த வெளிய சொல்லக்கூடாது மாமா. அப்பாகிட்டயும் சொல்லல, செண்பகாகிட்டயும் சொல்லல. அது நீங்கதான் சொல்லணும்."

தன் கல்யாணமே கண் முன்னால் கலைகிறது, ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும், அந்த வார்த்தையைச் சொல்லாமல் நின்றிருக்கிறான் பையன். ஊமையோ என்று சந்தேகப்பட்டேனே, இப்படி வாயை மூடத் தெரிந்தவனை நான் டிபார்ட்மெண்டில்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வந்த வெட்கத்தில் பாதி வேர்வை அடங்கிவிட்டது. நெற்றி நிறையத் திருநீற்றோடு, சுவரில் சாய்ந்தபடியே, "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று தொடங்கி, அருவியில் விசில் ஊதியதிலிருந்து கொள்ளு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். தாளையும் எடுத்துக் காட்டினேன். பெரியப்பா குலவை போட்டவர்களை முறைத்தார். பிறகு முத்துவடிவுதான் கேட்டது.

"அப்ப பசியே எடுக்காதா அண்ணாச்சி?"

"பழைய பசி இல்ல தாயி."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் நாலு மணிக்கு எந்திரிச்சிருக்க மாட்டேன்லா. சரி, ஒரு நேரத்துக்கு எத்தன கரண்டி சேரும்?"

சின்னக் கரண்டியில் அரை மணிக்கு ஒன்று என்று வேல்மாரி பதில் சொன்னான். அந்தம்மா உள்ளே போய், குழந்தைக்குச் சோறூட்டுகிற ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்து வந்தது. என் இலையை எடுக்கவே விடவில்லை. ஒரு மணிக்கு ஒரு கரண்டி சொதி, ஒன்றரைக்கு ஒரு கரண்டி அவியல், இரண்டுக்கு எரிசேரி என்று, மருமகன் கையில் வாட்ச் பார்த்து "அடுத்தது மாமா" என்று சொல்லச் சொல்ல, ஐந்து மணி வரைக்கும் ஒன்பது கரண்டி. கை நனைத்தது முழுசாக நனைத்ததுதான் என்று பெரியப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். குற்றாலலிங்கம் மட்டும் அந்த நாலு மணி நேரமும் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கோடு என்ன, அந்தக் கோடு என்ன, வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாருமாக ஐந்தருவிக்குப் போனோம். சாரல் நன்றாக இருந்தது. நானும் வேல்மாரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குளித்தோம். அவன் தலையிலும் தண்ணீர் விழுந்தது மச்சான். யாரும் விசில் ஊதவில்லை.

பரிசம் ஆவணி முதல் முகூர்த்தம். தாய்மாமன் நீங்கள் வந்து நின்றால்தான் செண்பகா தாம்பூலம் வாங்குவாள், அதில் மாற்றமில்லை. இப்போது முக்கிய விஷயம். நீங்கள் நூற்றுப் பதினெட்டு கிலோ, சர்க்கரை வேறு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மதினி தங்கத்தாயிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். கொள்ளை நம்பி நாலு மாதத்தை வீணாக்கியது என் குற்றம், காலில் விழுகிறேன். அதற்குப் பரிகாரமாக, டாக்டர் ஷிஃபாவிடம் பேசி ஆடி நாலாம் தேதி உங்களுக்கு ஒரு நேரம் வாங்கிவிட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஹார்மோன் வேலை செய்யாது, பார்த்துவிட்டுத்தான் சொல்லுவேன், வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரையும் கட்டுப்பாடும் உண்டு என்று அந்தம்மா சொன்னார்கள், அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். யோசிக்காமல் ரயில் ஏறுங்கள், பழைய பசியை வழியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மதினிக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் தலையில் என் கை இருப்பதாகச் சொல்லவும். உங்கள் பாதத்துக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
முன்னைவிடக் குறைந்த, ஆனால் அதே
சுடலையாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வடகரையிலிருந்து போன் வந்தது. நம்முடைய சம்பந்தி குற்றாலலிங்கம் டாக்டர் ஷிஃபாவைப் பார்க்கத் துடிக்கிறார், இரண்டு மாதத்துக்கு இடமே இல்லையாம், உங்கள் ஆடி நாலாம் தேதியைக் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா கேட்கும்போது எப்படி மறுப்பது, கொடுத்துவிட்டேன். முத்துவடிவு அழாத குறையாகப் பேசியது: பரிசத்தன்றைக்கு இரண்டு சம்பந்தியும் கரண்டியோடு உட்கார்ந்தால் அந்தப் பந்திக்கு என்ன மரியாதை என்று. அது நியாயம். ஆகையால் மேலே எழுதியதில் ஆவணித் தேதியையும் கொள்ளை நிறுத்தச் சொன்னதையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். கல்யாணம் முடிகிறவரை நீங்கள் வயிற்றில் கை வைக்கக்கூடாது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கை நனைக்க இனி நீங்கள் ஒருத்தர்தான் மிச்சம். பசியோடு வாருங்கள் மச்சான்.